ஒரு மீட்டர் தூரம்

மிரர்லெஸ்ஸா, பாக்கெட் கேமராவா என்று கேட்டால் எல்லாரும் சென்சர் அளவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ரிக்கோ ஜிஆர் 3-இல் இருப்பதும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சர்தான். எடை வெறும் 257 கிராம். என் கேள்வி வேறு: படம் எடுக்கிறவன் எங்கே நிற்கிறான்?

பத்துமலைத் தைப்பூசப் படங்களைப் பாருங்கள். அலகு குத்திய முகம், பின்னால் கரைந்துபோன கூட்டம். பெரும்பாலும் 70-200 லென்ஸின் வேலை. அழகுதான், ஆனால் கூட்டமே இல்லாமல் என்ன தைப்பூசம்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பால்குடத்தோடு வந்த அம்மா என்னை உரசிக்கொண்டு போனாங்க. ஒரு மீட்டருக்குள் அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாது. அந்த வருஷத்துப் படங்களில் அம்மாவின் முதுகு மட்டும்தான் இருக்கிறது.

இதற்கு நேரெதிர் ஜப்பானியர் டைடோ மொரியாமா. ஷின்ஜுகு தெருக்களில் ஜிஆரோடு அலைந்து அவர் எடுத்த படங்களில் நாமும் இடிபடுகிறோம். அது 28 மி.மீ. கோணம், கிட்டப் போகாமல் ஒன்றும் கிடைக்காது.

ஜிஆருக்குக் குறையும் நிறைய. வியூஃபைண்டர் கிடையாது, தூசி உள்ளே போகும், பேட்டரி 200 படத்திலேயே படுத்துவிடும். கல்யாண வேலைக்குக் கொண்டுபோனால் திட்டுதான் வாங்கணும். பத்துமலைக்கு, இனி அதுதான்.