பத்தில் நிற்பதா, பதினொன்றுக்குப் போவதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அன்றிரவு எந்தக் கணினியும் படுத்துவிடவில்லை. மறுநாள் ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டை வழக்கம்போல அச்சானது. ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கு ஏறியது. பத்தாண்டு ஓடிய ஓர் இயங்குதளம் ஓய்வுபெற்றதற்கு அடையாளம், திரையில் எட்டிப்பார்த்த ஓர் அறிவிப்புப் பெட்டி மட்டும்தான். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று ஒருவர் கேட்கிறார். "புதுசு வந்தா ஏத்திட வேண்டியதுதானே?" என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. மேம்படுத்தல் என்ற பெயரில் நம் வாசலுக்கு வருபவை மூன்று: ஓட்டையை அடைக்கும் திருத்தம், புதிய வசதி, விற்கும் நிறுவனத்தின் வணிகத் தேவை. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டு, வேண்டும் அல்லது வேண்டாம் என்று மட்டும் பதில் கேட்கிறார்கள். குழப்பமெல்லாம் அந்தக் கட்டில் இருக்கிறது.

திருத்தத்திலிருந்து தொடங்கலாம், மறுக்கவே முடியாத சரக்கு அதுதான். மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. ஆதரவு முடிந்தது என்றால் அந்த மாதாந்திர வரத்து நின்றுபோனது என்று அர்த்தம். இதிலுள்ள ஆபத்து பலர் நினைப்பதைவிட நுட்பமானது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே ஓடும் நிரல் பெருமளவு ஒன்றேதான். 11-க்கு ஒரு திருத்தம் வந்ததும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும். புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் பழையதைக் காட்டிக்கொடுக்கிறது.

இதை வைத்துக்கொண்டு "பழைய பதிப்பு என்றாலே ஆபத்து" என்று முடிவுகட்டுவதும் அவசரம். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போயின. அப்போது எல்லோரும் விண்டோஸ் எக்ஸ்பியைத்தான் திட்டினார்கள், 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்த கிழம் அது என்பதால். பிறகு காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கு 2020 ஜனவரி வரை ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தமும் 2017 மார்ச் 14 அன்றே, இரண்டு மாதம் முன்னதாக, வந்துவிட்டது. வந்ததைப் போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள்.

நம் ஊரில் அப்டேட்டை நிறுத்திவைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காரணம் சோம்பல் மட்டும் இல்லை. டேட்டா தீர்ந்துவிடும் என்ற பயம் ஒன்று. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது நீலத் திரை "அணைக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு அரை மணி நேரம் சுற்றும் என்ற அனுபவம் இன்னொன்று. மூன்றாவதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்: கடையில் ஏற்றிக்கொடுத்த விண்டோஸ் கிராக் செய்யப்பட்டது, அப்டேட் வந்தால் குட்டு உடைந்துவிடும். அந்தக் கிராக் கருவி ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்துவிட்டுத்தான் போயிருப்பார் ஏற்றியவர். இப்படிப்பட்ட கணினியில் 10 இருந்தால் என்ன, 11 இருந்தால் என்ன? பதிப்பு எண்ணைப் பற்றி விவாதிப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும்.

இனி வாசற்படி. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 64-பிட் செயலி ஆகியவை கட்டாயம். அதோடு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, அதாவது 2017-இலிருந்து வந்த செயலி. டிபிஎம் வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். மறைகுறிச் சாவிகளை வன்தட்டில் வைக்காமல் தனிச் சில்லில் பூட்டிவைப்பதும், இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே புகுந்துகொள்ளும் தீநிரலைத் தடுப்பதும் மெய்யான பயன்கள். பல கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "உங்க சிஸ்டம் 11-க்கு லாயக்கில்ல" என்று கடையில் சொன்னால், புதிதாக வாங்குவதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

செயலித் தலைமுறைக் கோடுதான் உறுத்துகிறது. ஏழாம் தலைமுறைச் செயலிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய மைக்ரோசாஃப்ட், 2021-இல் சில விதிவிலக்குகளை அறிவித்தது. அதில் ஒன்று 7820ஹெச்கியூ என்ற செயலி. மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்றுக்கொண்டிருந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்தது அதுதான். சொந்தப் பண்டத்துக்கு நெளிந்த கோடு மற்றவர்களுக்கு மட்டும் நேராக நின்றது. இந்தத் தகுதி வரம்பால் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் கணித்தது. ஐந்தாம் தலைமுறை ஐ5 செயலியில் 8 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் கடிதம் தட்டவும், கணக்குப் போடவும், இணையத்தில் விண்ணப்பம் நிரப்பவும் இன்றைக்கும் தாராளம். பழைய வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்தப் புதிய பதிப்பும் கொடுத்ததில்லை.

புதிய வசதிகளைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. ஜன்னல்களைத் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கும் முறை நன்றாக இருக்கிறது. கோப்பு உலாவியில் தாவல்கள் வந்திருக்கின்றன. டாஸ்க்பாரை நடுவில் வைத்ததைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. இதற்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை.

கூடவே வரும் மூன்றாவது சரக்கைத்தான் உற்றுப்பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். கடையில் ஏற்றுபவர், உங்களிடம் கடவுச்சொல் கேட்டு நேரத்தை வீணாக்குவானேன் என்று, தன்னிடமிருக்கும் ஏதோ ஒரு மின்னஞ்சலைக் கொடுத்து வேலையை முடித்துவிடுவார். 24ஹெச்2 பதிப்பிலிருந்து இப்படி நிறுவும் பெரும்பாலான கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, நிறுவியபோது கொடுத்த கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு பழுதாகி மாற்றினாலோ, பயாஸில் எதையாவது தொட்டாலோ, நீலத் திரை அந்தச் சாவியைக் கேட்கும். ஏற்றியவர் கடையை மாற்றிக்கொண்டு போயிருந்தால், பிள்ளைகளின் புகைப்படங்களும் வீட்டுப் பத்திர ஸ்கேன்களும் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். வட்டு மறைகுறியாக்கம் நல்ல வசதி. திருடன் கையில் மடிக்கணினி போனால் அது காப்பாற்றும். அதன் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லாமல் பூட்டிக் கொடுப்பதுதான் என் ஆட்சேபம். ஒன்டிரைவும் இதே ரகம். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மேகத்துக்கு ஏற்ற முனையும்; இலவச இடம் 5 ஜிபிதான்; நிரம்பியதும் சந்தா கேட்கும். பாதுகாப்புத் திருத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தமிழ் டிடிபி கடைகளில் இந்தக் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று இருபது வருடக் கோப்புகள் பேஜ்மேக்கரில் கிடக்கின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பிறகு பெரிய பதிப்பே இல்லை. யூனிகோடு தமிழ் அதற்குத் தெரியாது. ஆகவே எழுத்துருக்களும் பழைய 8-பிட் ரகம். அவற்றைத் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள். சிலவற்றுக்கு டாங்கிள் என்ற செருகுசாவி வேறு. எழுத்துரு எந்த விண்டோஸிலும் தெரியும். டாங்கிளின் டிரைவர்தான் காலை வாரும். 64-பிட் விண்டோஸ், முறையாகக் கையொப்பமிடாத டிரைவரை ஏற்காது. விண்டோஸ் 11-இல் நினைவக ஒருமைப்பாட்டுக் காப்பு இயங்கினால் இன்னும் சில பழைய டிரைவர்களும் கழிக்கப்படும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ கணக்கு நிரலை இன்றும் ஓட்டும் அரிசி மண்டிக்காரருக்கும் இதே கதி: 16-பிட் நிரல்கள் 32-பிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக ஓடும், விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது.

இந்த டிடிபி கடைக்காரரைப் பழமைவாதி என்பது அநியாயம். அவர் மாற்ற வேண்டியது இயங்குதளத்தை மட்டும் அல்லவே. கோப்பு, எழுத்துரு, விரல் பழக்கம் அத்தனையும். ஆனாலும் அவர் பக்கம் முழுக்க நிற்கவும் என்னால் முடியவில்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். விண்டோஸ் 2000-லேயே லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்துவிட்டது. இத்தனை காலம் தள்ளிப்போட்ட எழுத்துருக் கணக்கு, இன்று இயங்குதளக் கணக்கு என்ற வேடத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பழைய கணினியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் வேறொரு கணினி போதும். மதர்போர்டு சாகும்வரை இது தாங்கும். அதற்குள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். (யூனிகோடுக்கு மாறியவர்களுக்கும் ஒரு குறிப்பு: விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. புதிதாக நிறுவியபின் பழைய கோப்பு வேறு முகத்தோடு திறந்தால், விருப்ப வசதிகள் பட்டியலில் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

தகுதியுள்ள கணினி வைத்திருப்பவர் 11-க்கு மாறத்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பும் வந்த முதல் வாரத்திலேயே ஓட வேண்டாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு சிலருடைய ஆவணங்களை அப்படியே அழித்துவிட்டது. வெளியீட்டை நிறுத்திவைத்து நவம்பரில் மறுபடி விட்டார்கள். வருடாந்திரப் பெரிய பதிப்புக்குச் சில மாதம் பொறுப்பதும், மாதாந்திரத் திருத்தத்தை உடனே போடுவதும் வேறு வேறு காரியங்கள். இரண்டாவதைத் தள்ளிப்போட்டதால்தான் வான்னாகிரைக்கு அத்தனை பேர் அகப்பட்டார்கள். மாறுவதற்கு முன் கோப்புகளை வெளித் தட்டில் பிரதி எடுங்கள். மாறியபின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்குப்பின் அந்தக் கதவு மூடிவிடும்.

தகுதியில்லாத கணினிக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பதிலில்தான் என் வாதத்துக்கான சான்று கிடைத்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தனியாகத் தரும் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். 30 டாலர் கட்ட வேண்டும், அல்லது அமைப்புகளை அவர்களுடைய மேகத்தில் சேமிக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில், நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பியபின், அந்த நிபந்தனையும் தளர்ந்தது. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பாகும். இயந்திரங்களுக்குள் பொருத்தப்படும் விண்டோஸ் 10 ஐஓடி எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கோ 2032 ஜனவரி வரை திருத்தம் உண்டு. ஆக, திருத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். விண்டோஸ் 10-க்கான திருத்தங்கள் எழுதப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவுக்குக் கொடுப்பது என்பது மட்டும்தான் முடிவுசெய்யப்படுகிறது. பொட்டலத்தைப் பிரிக்க முடியாது என்பது தொழில்நுட்பம் சொல்வது இல்லை, விற்பனைப் பிரிவு சொல்வது.

ரூஃபஸ் போன்ற கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டி 11-ஐ ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். ஓடும், மாதாந்திரத் திருத்தமும் பெரும்பாலும் வரும். வருடாந்திரப் பதிப்பு தானாக வராது. ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 24 மாதம்தான் ஆயுள். ஆகவே அடுத்தடுத்து யாராவது வந்து ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் வித்தை தெரிந்தவருக்குச் சரி. தூரத்தில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவின் கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

அவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொடுக்கலாம். 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்று லினக்ஸ் மாணவருக்கு ஒரு கூடுதல் பாடமாகத் தெரிந்தது; இன்று முக்கால்வாசி வேலை உலாவிக்குள் நடப்பதால் அந்தத் தயக்கத்துக்கு அவ்வளவாக இடமில்லை. தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. ஆடிட்டருக்கு இந்த வழி அடைபட்டது. டேலி விண்டோஸில்தான் ஓடும், கட்சிக்காரர்களின் பான் எண்ணும் வங்கி விவரமும் இருக்கும் கணினியைத் திருத்தம் இல்லாமல் இணையத்தில் விடவும் கூடாது. அவர் புதுக் கணினி வாங்க வேண்டியவர். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொள்ள அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.