ஆய்ச்சியர் குரவையும் அரங்கிசையும்

பழம்பாடல் ஒன்று புதிய இசைக்கோலம் புனைந்து வருங்கால், கேட்போர் நெஞ்சம் உருகுதல் கண்கூடு. அவ்வுருக்கத்தில் மிகுந்தது யாது, குறைந்தது யாது என ஆராய்தல் திறனாய்வாளர் கடன். எம். எஸ். சுப்புலட்சுமி இராகமாலிகையாகப் பாடிப் பரப்பிய சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவைப் பாடல்கள் இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்றாவன.

இப்பாடல்களுக்கு இசை புறத்தேயிருந்து வந்த அணி எனக் கருதுதல் பொருந்தாது. ஏழு கன்னியர்க்குக் குரல் முதல் தாரம் ஈறாக ஏழிசைப் பெயரிட்டு, அவரை வட்டமாக நிறுத்திப் பாட வைக்கின்றார் இளங்கோவடிகள். மட்டக்களப்பு நாடு ஈன்ற விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலும் சிலம்பின் இசைக்குறிப்புகளைக் கொண்டே பண்டைத் தமிழிசையை விளக்க முற்பட்டது. ஆதலின், இராகம் இப்பாடல்களுக்கு அயலன்று, உறவே.

பாடல்கள் அமைந்த இடமோ பெரிதும் நோக்கத்தக்கது. கொலைக்களக் காதையில் கோவலன் வெட்டுண்டான். அதனை அடுத்தே குரவை நிகழ்கின்றது. பிரையிட்ட பால் தயிராகவில்லை. வெண்ணெய் உருக மறுக்கின்றது. காளையின் கண் கலங்குகின்றது. தீநிமித்தம் கண்டு அஞ்சிய மாதரி, கண்ணகியும் காணக் குரவை ஆடுவிக்கின்றாள். நேர்ந்தது யாதென ஆடுவோர் அறியார், கற்போர் அறிவர். திருமாலைப் பரவும் ஒவ்வோர் அடியின் பின்னும் இவ்வச்சம் நிழலாடுகின்றது.

அரங்கிசை இங்கு ஈட்டுவது பெரிது. இறைவனைக் கேளாத செவியும் காணாத கண்ணும் ஏத்தாத நாவும் என்ன பயன் என வினவும் படர்க்கைப் பரவலில், ஒவ்வொரு வினாவும் நெஞ்சில் இறங்க இராகம் இடந்தருகின்றது. ஏட்டில் விரைந்து கடக்கும் சொல், பாட்டில் நின்று பேசுகின்றது. ஆயின், எழுவர் குரல் ஒருவர் குரலாகின்றது. நடுங்கியோர் வேண்டுதல் அமைதியான பத்தியாகின்றது.

இழந்த அவ்வச்சத்தை மட்டக்களப்பு மக்கள் இன்றும் காத்து வருகின்றனர். உன்னிச்சைக் குளத்து நீரால் வயல் விளையும் படுவான்கரை உள்ளிட்ட இந்நாட்டில், வைகாசியில் கண்ணகி கோயில்களிலே வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடுவர். சினந்த தெய்வத்தைக் குளிர்விக்கும் அப்பாட்டில் அன்பும் அச்சமும் பிரியாது நிற்கின்றன.

பாடலை இராகத்தோடு இணைப்பது மட்டும் போதாது. அது பிறந்த சூழலோடும் இணைத்தல் வேண்டும். பாடுமுன் மாதரி கண்ட நிமித்தங்களை அவையோர்க்கு ஒருவர் எடுத்துரைப்பாராயின், அதே இராகமாலிகை வேறொரு பாட்டாக ஒலிக்கும். இனிமைக்குத் தலையசைத்தோர் அப்பொழுது கண்ணகிக்காகவும் கலங்குவர்.