இளிவரலும் பெருமிதமும்: சென்னைத் தென்புறநகரை முன்வைத்து ஆவண ஒளிப்படமும் உருவப்படமும்

ஆய்வுச்சுருக்கம்

ஒளிப்படக் கல்வியில் ஆவணப்படமும் உருவப்படமும் இருவேறு பயிற்சிகளாகக் கற்பிக்கப்படுகின்றன. நிகழ்வதைக் குலைக்காமல் பதிவது முன்னது என்றும், ஒருவரை அமர்த்தி அவர் முகத்தை வெளிக்கொணர்வது பின்னது என்றும் மாணவர் பயில்கின்றனர். தமிழகத்தில் விளிம்புநிலை மக்கள் படமாக்கப்பட்ட வரலாற்றின் முன் இப்பிரிவினை நிற்குமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் இளிவரல், பெருமிதம் ஆகிய இரு கருத்தாக்கங்களும், அகத்திணையின் பெயர்சுட்டாமை மரபும் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் ஆய்வுக்களமாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: ஆவண ஒளிப்படம், உருவப்படம், மெய்ப்பாடு, இளிவரல், பெருமிதம், பெயர்சுட்டாமை, தென்சென்னைப் புறநகர்.

முன்னுரை

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. அதன்பின் இப்பகுதி படிப்படியாக ஒரு கல்விநகராகவும் வளர்ந்தது. இன்று காட்சித் தொடர்பியலும் ஒளிப்படமும் பயிலும் மாணவர் பலர் இப்புறநகரிலேயே தங்கிப் படிக்கின்றனர். தரமணியில் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் உள்ளது. பயிற்சிப் படங்களுக்காக இம்மாணவர் செல்லும் இடங்களும் அருகிலேயே இருக்கின்றன: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பெருங்குடிக் குப்பைமேடு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள். கற்போரும் படமாக்கப்படுவோரும் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் தொலைவிலேயே வாழ்கின்றனர். இந்த அண்மையால், யார் யாரைப் படமெடுக்கிறார், எவ்வுரிமையில் எடுக்கிறார் என்னும் வினாக்கள் இங்குக் கூர்மை பெறுகின்றன.

1. வகைமையாக்கப்பட்ட முகம்

சென்னை மாகாணத்தில் ஒளிப்படம் தொடக்கத்திலேயே ஆட்சியின் கருவியாயிற்று. 1856இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். அவர் படங்களில் கோயில்களும் கோட்டைகளுமே மிகுதி. மனிதர் அருகியே தோன்றுகின்றனர். மனிதரை வகைப்படுத்தும் பணி பின்னர் வந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த 'இந்திய மக்கள்' 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியாயிற்று. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்னும் நூலை 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்த கைகளே ஒளிப்படக் கருவியையும் இயக்கின.

தர்ஸ்டன் நூற்படங்கள் பல, வடிவத்தால் உருவப்படங்களே. ஒருவர் கருவியின் முன் நிற்கிறார். ஒளி முகத்தில் விழுகிறது. ஆயினும் படத்தின் கீழ் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. அங்குக் காண்பது பெரும்பாலும் சாதிப்பெயரோ பழங்குடிப்பெயரோ மட்டுமே. தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டு வட்டாரத்தில் வாழும் இருளரும் அந்நூலில் இவ்வாறே இடம்பெற்றனர். ஆக, உருவப்படத்தின் வடிவம் தனிமனிதரை ஏற்பதற்கு உறுதி தருவதில்லை என்பது இங்கேயே தெளிவாகிறது.

2. தாமே தெரிந்த தோற்றம்

இதே காலத்தை அடுத்து நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஸ்டுடியோக்கள் பெருகின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து ஜோயி ஹெட்லி முன்னெடுத்த தமிழக ஸ்டுடியோப் படங்களின் ஆவணத்திட்டம், பிரித்தானிய நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்ட உதவியுடன் இப்படங்களை மின்வடிவாக்கியது. வரைந்த திரைச்சீலை, நாற்காலி, மேசை, கையில் புத்தகம் ஆகியவை இத்தகைய படங்களின் வழக்கமான உறுப்புகள். இவற்றைப் போலித்தனம் என ஒதுக்கிவிட இயலாது. படமாக்கப்படுபவர் காசு கொடுத்தார். ஆடையைத் தெரிவு செய்தார். படத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டினார். திரைச்சீலை மாளிகை பொய்யாக இருக்கலாம். தம்மை எவ்வாறு காணவேண்டும் என்று அவர் கொண்ட விருப்பம் மெய்யானது. ஆவணப்படம் தவறவிடும் ஒரு சான்று இது.

தர்ஸ்டன் படத்தையும் ஸ்டுடியோப் படத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு ஒளியமைப்பிலோ கோணத்திலோ இல்லை என்பது விளங்கும். நிலையை முடிவுசெய்தவர் யார், அச்சுப்படி எவரிடம் சேர்ந்தது என்னும் இரண்டே வேறுபாட்டை நிறுவுகின்றன.

3. மெய்ப்பாட்டு நோக்கு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறார். இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை களன்கள். மென்மை என்பது ஈண்டு வலியின்மை, எளிமை என்னும் பொருளது. பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவை களன்கள்.

மாணவர்தம் ஆவணப்படத் தொகுப்புகளில் மிகுதியும் இடம்பெறும் பொருள்களை நினைவுகூர்ந்தால் இவ்வட்டவணையின் பொருத்தம் வெளிப்படும். சுருங்கிய முகமுடைய முதியவர், நோயாளி, சுமை தூக்குபவர், குப்பைமேட்டுச் சிறுவர் ஆகியோரே திரும்பத் திரும்ப வருகின்றனர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் வரிசை மாறாமல் நிற்கின்றன. மாறாக, பட்டமேற்பு, திருமணம், பதவியேற்பு ஆகியவற்றுக்கு எடுக்கப்படும் உருவப்படங்கள் கல்வி, இசைமை முதலிய பெருமிதக் களன்களைச் சார்கின்றன. எனவே ஆவணப்படம், உருவப்படம் என்னும் பாடப்பிரிவினை நடைமுறையில் ஒரு மெய்ப்பாட்டுப் பங்கீடாகச் செயல்படுகிறது: வறியவருக்கு இளிவரல், வசதியுடையவருக்குப் பெருமிதம்.

இளிவரலைத் தன்கண் தோன்றுவதும் பிறன்கண் தோன்றுவதும் எனப் பிரித்துக் காணும் உரைமரபு இங்கு உதவுகிறது. ஒருவர் தம் வருத்தத்தைத் தாமே உணர்ந்து சொல்வது வேறு. பிறர் அவரிடத்து அதனைக் கண்டு சுட்டுவது வேறு. மாணவரின் கருவி பதிவது பெரும்பாலும் இரண்டாவதையே. ஆனால் படத்தைக் காண்போர் அதனை முதலாவதாகக் கருதிவிடுகின்றனர். ஆவண ஒளிப்படத்தின் அறச்சிக்கல் இம்மயக்கத்தில்தான் தொடங்குகிறது.

4. பெயரின்மை: அகமும் ஆவணமும்

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. புறத்திணை பெயர் சுட்டுகிறது. பெயரின்றி நிற்கும் ஆவணப்படமும் அகப்பாடல்போல் பொதுமை பெறுகிறது என வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் ஆய்வுக்குரியது. அகத்தின் பெயரின்மை உணர்வை எல்லார்க்கும் உரியதாக்குகிறது. காதலரின் மறைவையும் காக்கிறது. தர்ஸ்டனின் பெயரின்மை ஒருவரை மாதிரியாகக் குறுக்குகிறது. முன்னதில் மறைப்பு மாந்தரைக் காக்கும் மரபாகிறது. பின்னதில் பெயர் கேட்டு எழுதுவதற்குரியதாகவே கருதப்படவில்லை.

உலக அளவில் இதற்குச் சான்றாவது டொரோதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம். அப்படம் செய்தித்தாளில் வெளியானதும் அம்முகாமுக்கு உணவுதவி சென்றது. ஆனால் படத்திலிருந்த பெண் அதற்குள் அங்கிருந்து போய்விட்டார். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்னும் அவர் பெயர் 1978இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் கிட்டவில்லை என அவர் வருந்தினார். படம் பொதுநன்மை விளைத்ததும் உண்மை. அதில் இருந்தவர் அந்நன்மைக்கு வெளியே நின்றதும் உண்மை. இரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க முடியாது.

உள்ளூர்ச் சான்று ஒன்றும் உண்டு. செங்கற்பட்டு வட்டாரத்து இருளரின் பாம்புபிடி கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பெயரற்ற வகைமாதிரிகளாக அச்சேறிய ஒரு சமூகம், நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் பெயரோடு நாளிதழ்ப் படங்களில் நின்றது. தறுகண்மையும் இசைமையும் சேர்ந்த பெருமிதம் அது. எனினும் பெயர் பெறுவதற்கு விருது தேவைப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

5. உள்ளிருந்து எழும் நோக்கு

அண்மைக்காலத் தமிழ் ஒளிப்படத்தில் எம். பழனிக்குமாரின் பணி இவ்விவாதத்திற்கு இன்றியமையாதது. திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். ஊரக இந்திய மக்கள் காப்பகமாகிய 'பாரி' இணையதளத்தில் பணியாற்றும் அவருக்கு, தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதின் முதல் பரிசு 2022இல் கிடைத்தது. மனிதக்கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்ட பின்னரும் மலக்குழி மரணங்கள் தொடர்வதை அவர் படங்கள் சான்றுப்படுத்தின. அம்மரணங்களில் பெற்றோரை இழந்த குழந்தைகளை அவர் 'நானும் ஒரு குழந்தை' என்னும் தலைப்பில் காட்சிப்படுத்தினார். இத்தலைப்பில் தன்மை இடம் பேசுவது நோக்கத்தக்கது. இங்கே படமாக்கப்படுபவரே கூற்றுக்குரியவர் ஆகிறார். மீன் விற்ற தம் தாயின் உழைப்பையும் பழனிக்குமார் படமாக்கி எழுதியுள்ளார். வடசென்னை இளைஞர்க்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒளிப்படம் பயிற்றுவித்து, அவர் கருவியையே கைமாற்றினார்.

வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் பெருந்தொற்று முடக்கக் காலத்தில் தம் குடும்பத்தையே படமாக்கினார். தலித் குடும்பம் என்றதும் துன்பத்தை எதிர்நோக்கும் பார்வையாளர், அங்குக் குழந்தைகளின் விளையாட்டையும் வீட்டின் அன்றாடத்தையும் காண்கின்றனர். உவகையும் ஆவணமாகலாம் என்பதை அப்படங்கள் நிறுவுகின்றன.

இதிலிருந்து, தம் சமூகத்தாரை மட்டுமே ஒருவர் படமெடுக்கலாம் எனும் விதியைப் பெறுதல் பொருந்தாது. அவ்வாறாயின் ஒளிப்படம் சுற்றுச்சுவருக்குள் அடங்கிவிடும். பெறத்தக்க பாடம் வேறு. உள்ளிருப்போர்க்கு இயல்பாக வாய்ப்பது காலம்: நாள்தோறும் பார்த்தல், திரும்பிச் செல்லுதல், படத்துக்கு விடைசொல்லுதல். வெளியிலிருந்து வரும் மாணவர் இக்காலத்தை உழைத்துப் பெறவேண்டும். ஒரு பிற்பகலில் முடித்துக் கொடுக்கும் பயிற்சிப்படம் அதனைப் பெறுவதில்லை.

6. முதலும் கருவும் உரியும்

2015 திசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் முடிச்சூர், வரதராசபுரம் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. படகில் மீட்கப்பட்டவர்களின் படங்கள் உலகெங்கும் சென்றன. அதே வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து குடும்ப ஆல்பங்களையும் சிதைத்தது. ஆவணப்படம் பெருகிய அதே நாள்களில் உருவப்படங்கள் அழிந்தன. மீட்கப்பட்டவராகத் தாம் நின்ற ஒரு கணத்தை உலகம் வைத்துக்கொண்டது. தாம் விரும்பி எடுத்துக்கொண்ட திருமணப் படத்தை அவர் இழந்தார். இவ்விழப்பைப் பதிவுசெய்த ஆவணமே முழுமையானது.

கண்ணகி நகர் இதற்கு மறுதலையான சிக்கலைக் காட்டுகிறது. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக எழுந்த அக்குடியிருப்பின் சுவர்களில் 2020இல் பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவற்றின் முன் எடுக்கப்படும் படங்கள் பொலிவு மிக்கவை. இளிவரலைத் தவிர்த்துப் பெருமிதம் மட்டும் காட்டினால் போதும் என்பார்க்கு இஃது எச்சரிக்கை. அம்மக்கள் எங்கிருந்து, எதனால் இங்கு வந்தனர் என்பதைச் சுவரின் நிறம் சொல்வதில்லை. திணைக்கோட்பாட்டின்படி கூறினால், உரிப்பொருள் மட்டும் தனித்து நிற்காது. நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளும், தொழில், உணவு முதலிய கருப்பொருளும் உடன்வர வேண்டும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தளமாக ஏற்கப்பட்டது. அதன் பறவைகளை மட்டும் சட்டகத்துள் வைத்துக் குப்பைமேட்டை வெளியே விடுவதும், குப்பைமேட்டை மட்டும் வைத்து அங்கு உழைப்போரின் தொழிலறிவை விடுவதும் ஒரே குறையின் இருபக்கங்கள்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. ஆவணப்படம், உருவப்படம் என்னும் பிரிவினை வடிவத்தால் நிறுவப்படுவதன்று. நிலையை முடிவுசெய்பவர், பெயரைத் தருபவர், அச்சுப்படியைப் பெறுபவர் ஆகிய மூவர் யாவர் என்பதே படத்தின் இயல்பை உறுதிசெய்கிறது.

2. நடைமுறையில் இப்பிரிவினை இளிவரலை வறியவர்க்கும் பெருமிதத்தை வசதியுடையவர்க்கும் பங்கிடுகிறது. பயிற்றுவோர் இதனைப் பாடத்திட்ட நிலையிலேயே மாற்ற இயலும். ஒரே மனிதரிடம், அவர் உழைக்கும் நேரத்தில் ஒரு படமும், அவர் தெரிந்த உடையிலும் இடத்திலும் ஒரு படமும் எடுக்கச் செய்தல் எளிய தொடக்கமாகும்.

3. பெயரை மறைக்கும் உரிமை படமாக்கப்படுபவர்க்கு உரியது. அவர் கேட்டு மறைப்பது அகமரபோடு ஒக்கும். கேளாமல் விடுவது தர்ஸ்டன் மரபின் தொடர்ச்சி.

4. பெருமிதம் மட்டுமே காட்டும் படமும் முதற்பொருளை மறைப்பின் ஆவணமாகாது.

தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் பயிலும் மாணவர் எடுக்கும் படங்கள் மதிப்பெண் பெற்றபின் பெரும்பாலும் வன்தட்டுகளில் உறங்குகின்றன. அவற்றின் ஒரு படியேனும் படத்திலிருப்பவரின் வீட்டுச் சுவரை அடையுமாயின், அங்கு அது உருவப்படமாகவும் வகுப்பறையில் ஆவணமாகவும் ஒருங்கே நிலைபெறும். அச்சுவரில் மாட்ட அவர் ஒப்பும் படமா என்பதை மதிப்பீட்டின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.