பறைக்குக் கிடைத்த மேடை

நாட்டார் இசையை ரொக் இசையோடு கலப்பது தகுமா என்று வாதிடுவோர் உளர். நமது கேள்வி வேறு. அந்தக் கலப்பினால் பாடுபவனின் நிலை உயர்ந்ததா?

சென்னையின் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு இதற்குப் பெரிதும் ஆம் என்றே விடை தருகின்றது. திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் கூட்டிய இக்குழு, 2018 ஜனவரியில் 19 கலைஞரோடு மேடையேறியது. சாதியற்றோர் எனப் பொருள்படும் அதன் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பிறந்தது. வடசென்னையின் சாவு வீடுகளில் ஒலித்த கானாவும், தீட்டென ஒதுக்கப்பட்ட பறையும் கிற்றாரோடு சரியாசனம் பெற்றன. ஆண்களின் தனியுடைமைபோல் இருந்த கானாவில் இசைவாணியின் குரல் ஓங்கியது. இட ஒதுக்கீடும் மாட்டிறைச்சியும் பாடுபொருளாயின. சில பாடல்களில் கோஷம் இசையை முந்திவிடுகின்றது என்பதை நாம் மறைக்கவில்லை. எனினும், நாணித் தலைகுனிந்திருந்த ஓசை நிமிர்ந்து நின்றதே இக்குழுவின் சாதனை.

ஆனால், மேடை கிடைத்தால் மட்டும் போதுமா? இக்குழுவில் பாடிய அறிவு, 2021இல் தீயுடன் இணைந்து 'எஞ்சாயி எஞ்சாமி'யைத் தந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய அவருடைய பாட்டியின் நினைவே அதன் ஊற்று. பாடல் உலகெங்கும் பரவியது. அவ்வாண்டிலேயே ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது. பாடலை எழுதிய அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கும் அட்டை கிட்டியது. சந்தை பாட்டை ஏற்கும். பாட்டாளியின் பெயரை எளிதில் ஏற்காது.

அந்தப் பாட்டி நமக்கு அந்நியரல்லர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எஞ்சியோரின் பிள்ளைகளே எஹலியகொடை இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நாம். தோட்டங்களில் பிரட்டுக்கு ஆள் கூட்டியதும் தப்பு. காமன் கூத்தை நடத்தியதும் தப்பு. அதை அடித்தவரை லயத்துக்குள்ளும் தள்ளி நிறுத்தியவர் நம்மவரே.

கிற்றார் வாங்க நம்மிடம் பணமில்லாதிருக்கலாம். தப்பு நம்மிடம் உண்டு. அதைத் தொட நாணாத ஆசிரியரும் மாணவரும் முதலில் வேண்டும். அடுத்த பாடசாலைக் கலைவிழாவில் தப்பு முழங்கட்டும்; அடிப்பவரின் பெயர் நிகழ்ச்சி நிரலில் ஏறட்டும்.