சுரப்பும் சுபாவமும்

மனைவியை அடித்த கணவனைப் பற்றி ஆயரிடம் முறையீடு வரும்போது, "ஆண்பிள்ளை என்றால் கோபம் வரத்தான் செய்யும், நீதான் அம்மா பொறுத்துப்போக வேண்டும்" என்று கூறும் மூத்தோர் நம் சபைகளில் இன்றும் உளர். முன்னர் இக்கூற்றுக்கு ஏவாளின் வரலாறு துணைக்கு அழைக்கப்பட்டது. இப்போது படித்தவர்கள் ஹார்மோனைத் துணைக்கு அழைக்கின்றனர். ஆதலின் கார்டிலியா ஃபைன் எழுதிய 'டெஸ்டோஸ்டிரோன் ரெக்ஸ்' என்னும் ஆங்கில நூலை உளவியலாருக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. 2017-ல் வெளிவந்த இந்நூல், அவ்வாண்டே இலண்டன் ராயல் சொசைட்டியின் அறிவியல் நூற்பரிசையும் பெற்றது.

'ரெக்ஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு அரசன் என்பது பொருள். மண்ணில் அற்றுப்போன கொடிய டைனோசார் ஒன்றன் பெயரையும் அது நினைவூட்டும். ஆண் ஹார்மோனே மனித நடத்தையின் அரசன் என்னும் கொள்கையும் அவ்விலங்கைப் போல் மறைய வேண்டியதே என்பது தலைப்பில் உள்ள குத்தல்.

அக்கொள்கை வெறுங்கற்பனையிலிருந்து எழுந்ததன்று. 1849-ல் கெட்டிங்கன் நகரில் பெர்தோல்டு என்பார் சேவற்குஞ்சுகளின் விதைகளை நீக்கினார். அவை கொண்டை சிறுத்து, கூவாமலும் சண்டையிடாமலும் வளர்ந்தன. விதையை மீண்டும் வயிற்றினுள் வைக்கப்பெற்றவையோ மற்றச் சேவல்களைப் போலவே கூவின, போரிட்டன. நரம்புத் தொடர்பு அறுபட்ட பின்னரும் இவ்வாறு நிகழ்ந்தமையால், குருதி வழியே ஏதோ ஒன்று செல்கிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருள் 1935-ல் பிரித்தெடுக்கப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயர் பெற்றது. சேவலைப் பற்றிய உண்மையை அப்படியே மனிதன்மேல் ஏற்றியதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

நூலாசிரியரின் வாதத்தில் நம்மை மிகவும் கவர்ந்தது, காரணமும் விளைவும் இடம் மாறுவதைக் காட்டும் பகுதியே. ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும் ஒருவகை மீன் இனத்தில், தனக்கென இடம் பிடித்த ஆணுக்கே இச்சுரப்பு மிகும். அடங்கி வாழும் ஆணுக்கு ஓர் இடம் கிடைத்தால் அதன் மூளையும் சுரப்பியும் அதன்பின் மாறுகின்றன. அரசனாவதற்கு ஹார்மோன் காரணமாயிருப்பது போலவே, அரசனானது ஹார்மோனுக்குக் காரணமாகிறது. மனிதரிடத்தும் இதற்குச் சான்றுண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு பகுதியில் 624 இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், தந்தையானோரின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெரிதும் குறைந்திருந்தது. நாள்தோறும் மூன்று மணி நேரத்திற்கு மேல் குழந்தையைப் பேணியவர்களிடம் அது இன்னும் குறைவாயிருந்தது. தொட்டிலாட்டும் கை தன் குருதியையும் மாற்றுகிறது!

ஆயினும் நூலாசிரியரோடு முற்றிலும் உடன்பட நம்மால் இயலவில்லை. முதிர்ந்தவனின் குருதியில் ஏறியிறங்கும் சுரப்பைப் பற்றி அவர் கூறுவன வலிமையுள்ளவை. கருவறையில் நிகழ்வதற்கோ அவர் உரிய எடை தரவில்லை என்பது நம் கருத்து. 1959-ல் கினிப்பன்றிகளில் செய்யப்பட்ட சோதனை முதற்கொண்டு, பிறப்புக்கு முன் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் பின்னைய நடத்தையில் நிலைத்த தடம் பதிப்பது அறியப்பட்டுள்ளது. அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறையால் கருவிலேயே இச்சுரப்பை மிகுதியாகப் பெற்ற பெண்குழந்தைகள், பெண்ணாகவே வளர்க்கப்பட்டும், ஆண்பிள்ளைகளின் விளையாட்டுகளை மற்றச் சிறுமிகளைவிட அதிகமாக விரும்புகின்றனர். கேரல் ஹூவென் 2021-ல் எழுதிய 'டி' என்னும் நூல் இத்தகைய சான்றுகளை வலியுறுத்துகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போர் ஏமாறார். வார்த்தை மாம்சமானார் என்று அறிக்கையிடும் நாம், உடலை ஒரு பொருட்டாக எண்ணாத கொள்கைக்கு எளிதில் தலையசைத்தல் தகாது.

உடலுக்கும் சுபாவத்திற்கும் உள்ள இத்தொடர்பைத் திருச்சபை புதிதாக இன்று எதிர்கொள்ளவில்லை. 325-ல் கூடிய நிசேயா சங்கத்தின் முதல் விதியே அண்ணகரைப் பற்றியது. மருத்துவராலோ பகைவராலோ அந்நிலைக்கு ஆளானோர் குருத்துவத்தில் நீடிக்கலாம்; நலமாயிருந்தும் தன்னைத்தானே அவ்வாறு செய்துகொண்டவன் நீடித்தல் கூடாது என அவ்விதி பகுத்தது. உறுப்பின் உண்மை இன்மையை அது அளவுகோலாக்கவில்லை. அம்மனிதன் தன் உடலுக்கு என்ன செய்தான் என்றே கேட்டது. (பழைய தமிழ்த் திருமறை, அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பியனை 'மந்திரி' என்று மட்டும் குறிப்பதால், அவன் அண்ணகன் என்பதையே நம்மவருள் பலர் அறியார்.)

இங்கு மற்றோர் ஆய்வையும் குறிப்பிட வேண்டும். 2010-ல் சூரிச் ஆய்வாளர்கள், பெண்கள் சிலருக்கு அரை மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனும் வேறு சிலருக்கு வெறும் மருந்துப் போலியும் கொடுத்து, ஒரு தொகையை மற்றொருவரோடு பங்கிடச் செய்தனர். பங்கை மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. உண்மையில் ஹார்மோன் பெற்றவர்கள் நியாயமாகவே பங்கிட்டனர். எதைப் பெற்றிருந்தாலும், தாம் பெற்றது ஹார்மோன் என்று நம்பியவர்களே குறைத்துக் கொடுத்தனர். ஓர் ஆய்வைக்கொண்டு எல்லாம் முடிவாயிற்று என்பதற்கில்லை. பிற ஆய்வுகள் எல்லாம் ஒரே விடையைத் தரவுமில்லை. எனினும் மணமக்களுக்கு ஆயத்த வகுப்பு நடத்தும் ஆயர்கள் இதைப் படித்தல் நன்று. ஆணின் சினம் அடக்கவொண்ணாதது என்று அங்கே ஓர் இளைஞனுக்குச் சொல்லப்படுமாயின், அவன் குருதி செய்யாத ஒன்றை அச்சொல் செய்துவிடக்கூடும்.