எட்டுப் பருவங்களும் ஒன்பதாவதும்

ஆலோசனைப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் எரிக் எரிக்சனின் எட்டுப் பருவ அட்டவணையை மனப்பாடமாக அறிவர். அவ்வட்டவணையைத் திருத்த முற்பட்ட நூலையோ அவர்களுள் சிலரே படித்திருப்பர். 1982இல் வெளிவந்த ‘நிறைவுற்ற வாழ்க்கை வட்டம்’ என்னும் சிறு நூலின் விரிவாக்கப் பதிப்பையே நாம் கருதுகிறோம். எரிக்சன் 1994இல் மறைந்தபின், அவருடைய மனைவி ஜோன் எரிக்சன் எழுதிய இயல்களுடன் அது 1997இல் வெளியாயிற்று. அவ்வியல்கள் பழைய அட்டவணையின் பின்னிணைப்பு மட்டுமல்ல, அதன்மேல் அளிக்கப்பட்ட தீர்ப்பும் ஆகும் என்பதே நம் கருத்து.

முதற்கண் கோட்பாட்டின் சிறப்பைச் சொல்லுதல் முறை. மனிதனின் மன அமைப்பு இளமையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று ஃபிராய்டு கண்டார். எரிக்சனோ, 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமுதாயமும்’ என்னும் நூலில், வளர்ச்சி முதுமையளவும் தொடர்வதாகக் காட்டினார். கருவில் ஒவ்வோர் உறுப்பும் உரிய காலத்தில் உருப்பெறுவதுபோல, வாழ்விலும் ஒவ்வொரு நெருக்கடி உரிய காலத்தில் முன்னிற்கிறது. கைக்குழந்தையிடம் நம்பிக்கையும் அவநம்பிக்கையும், வாலிபரிடம் தன்னடையாளமும் குழப்பமும், நடுவயதினரிடம் அடுத்த தலைமுறையைப் பேணுதலும் தேக்கமும், முதியோரிடம் முழுமையும் மனமுறிவும் எதிரெதிராக நிற்கின்றன. இவற்றுள் ஒன்று மற்றதை அடியோடு ஒழிக்கவேண்டும் என்று அவர் கூறவில்லை. அவநம்பிக்கையே அறியாத குழந்தை ஆபத்தையும் அறியாதன்றோ?

ஆயினும், அட்டவணை எளிதில் ஏணியாகிவிடுகிறது. படிகளை வரிசையாக ஏறியவர் வளர்ந்தவர் என்றும், ஏறாதவர் குறையுடையவர் என்றும் தீர்த்துவிடுகிறோம். தன்னடையாளம் முதலில், நெருக்கம் பின்னர் என்னும் வரிசை ஆண்களின் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டது என்று கரோல் கில்லிகன் 1982இல் சுட்டிக்காட்டினார். பெண்கள் வாழ்வில் இவ்விரண்டும் பின்னிப் பிணைந்தே வளர்கின்றன என்பது அவர் வாதம்.

ஜோன் எரிக்சன் எழுப்பும் மறுப்பு இன்னும் ஆழமானது. எட்டாம் பருவத்தைப் பற்றி எழுதியபோது அவரும் கணவரும் நடுவயதினர். ஒன்பதாவதைப் பற்றி எழுதியபோது அவர் தொண்ணூறைக் கடந்தவர். எட்டாம் பருவத்தவர் கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து நிறைவு காண்பர் என்று முன்னர்ச் சொல்லப்பட்டது. ஆனால், அன்றாட உடல் தளர்ச்சியோடு போராடுபவருக்குத் திரும்பிப் பார்க்க ஓய்வேது? ஆகவே அவர் ஒவ்வொரு இணையின் வரிசையையும் மாற்றி, அவநம்பிக்கையை முன்னும் நம்பிக்கையைப் பின்னும் வைத்தார். சொந்தக் கால்களையே நம்பவியலாத முதியவர், கைக்குழந்தை சந்தித்த முதல் நெருக்கடியை மீண்டும் சந்திக்கிறார். கடந்துவிட்டதாக எண்ணிய படிகள் யாவும் திரும்பி வருகின்றன. இங்கே ஏணி உடைகிறது.

இந்நூல் பேசாத ஒன்றையும் நாம் குறிப்பிடவேண்டும். 1944இல் இத்தம்பதியருக்கு டவுன் நோய்க்குறியுடன் ஒரு மகன் பிறந்தான். அக்கால மருத்துவ வழக்கப்படி அவன் காப்பகத்தில் விடப்பட்டான். வீட்டிலிருந்த பிள்ளைகளுள் சிலருக்கு அவன் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. 1999இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் லாரன்ஸ் ஃப்ரீட்மன் இதை விரிவாக எழுதியுள்ளார். பெற்றோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்கள் பட்ட துயரம் பெரிது. ஆனால், ஆரோக்கியமான ஆளுமையின் வளர்ச்சிப்படம் வரையப்பட்ட அதே ஆண்டுகளில், அப்படத்தில் இடமில்லாத ஒரு குழந்தை அதை வரைந்தவர்களுக்கே இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. எட்டுப் பருவங்களையும் வரிசையாகக் கடக்கவியலாதவரின் வாழ்வு எவ்வகையில் நிறைவுறும்? இவ்வினாவை அட்டவணை எழுப்பவேயில்லை.

ஆகையால் அட்டவணையை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டுவதில்லை. ஒருவர் எந்தப் போராட்டத்தில் இருக்கிறார் என்று கேட்க அது உதவும். அவர் எவ்வளவு தேறினார் என்று மதிப்பெண் இட உதவாது. மறதி நோயால் தம் மக்களின் பெயரையும் இழந்த தாய் முழுமை அடைந்தாரா என்று ஆராய்வது வீண். அவர் படுக்கையருகே செல்பவர், அந்த அறையில் அவர் நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு கை இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.