அசலை மிஞ்சிய மறுபதிப்பு: லிண்டா பெர்ஹாக்ஸின் ‘பேரலலோகிராம்ஸ்’

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: முதல் அச்சுதான் உசத்தி, பின்னால் வருவதெல்லாம் வெறும் நகல். பல ஆல்பங்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் பாடகி லிண்டா பெர்ஹாக்ஸ் 1970இல் வெளியிட்ட ‘பேரலலோகிராம்ஸ்’ விஷயத்தில் கதை தலைகீழ். இந்த சைகடெலிக் ஃபோக் ஆல்பத்தை ஸ்டூடியோவில் பதிவானபடி கேட்க நினைப்பவர் முதல் அச்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூல ஒலிநாடாவிலிருந்து எடுத்த வினைல் மறுபதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் பணியில் இருந்தவர் பெர்ஹாக்ஸ். அங்கே சிகிச்சைக்கு வந்துபோனவர் லெனர்ட் ரோசன்மன். ஜேம்ஸ் டீன் நடித்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’, ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படங்களின் இசையமைப்பாளர். பெர்ஹாக்ஸ் வீட்டில் பாடிப் பதிந்த டேப்பைக் கேட்டவர், தானே தயாரிப்பாளர் ஆகிவிட்டார். தலைப்புப் பாடலுக்கான யோசனையை பெர்ஹாக்ஸ் சுரக்குறிப்பாகத் தரவில்லை. ஒலி எப்படி விரிய வேண்டும், எப்படி நகர வேண்டும் என்று படமாகவே வரைந்து காட்டினார். தாள வாத்தியங்களுக்கு ஷெல்லி மேன், மில்ட் ஹாலண்ட் என்ற இரண்டு பெரிய கைகள். ஹாலண்ட் இந்தியாவுக்கு வந்து சதுர்லாலிடம் தபலா கற்றவர். கேட்பவருக்கு இது தெரிந்திருந்தால் சில இடங்களில் காது தானாகக் கூர்மையாகும்.

இவ்வளவு உழைப்பும் தட்டு வெட்டும் கட்டத்தில் வீணானது. ஏ.எம். வானொலியில் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்று ஆல்பத்தை வெளியிட்ட காப் நிறுவனத்தின் பதிப்பில் உச்ச ஒலிகளையும் அடி ஒலிகளையும் சீவிவிட்டார்கள். முப்பரிமாணமாக வரைந்த இசை தட்டையாகிப்போனது. தன் கைக்கு வந்த தட்டைக் கேட்டுவிட்டு பெர்ஹாக்ஸ் அதைத் தூக்கி எறிந்தார். பழையபடி பல் மருத்துவமனை வேலைக்கே போனார். 1998இல் மைக்கேல் பைப்பர் என்ற ரசிகர், தன் ‘த வைல்ட் பிளேசஸ்’ நிறுவனம் வழியாக ஆல்பத்தை சிடியாகக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடைத்ததும் பழைய தட்டுதான். பிறகு பெர்ஹாக்ஸையே கண்டுபிடித்தபோது, அவரிடம் சிதையாத ஒலிநாடா பத்திரமாக இருந்தது தெரியவந்தது. பிற்காலத்தில் வந்த நல்ல பதிப்புகளுக்கெல்லாம் அந்த நாடாதான் வேர்.

ஊசியை வைத்ததும் ‘சிமகம் ரெய்ன்’ தொடங்குகிறது. வித்தியாசம் இங்கேயே பிடிபட்டுவிடும். பெர்ஹாக்ஸ் தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார். நல்ல மறுபதிப்பில் ஒவ்வொரு அடுக்கும் தனித்து நிற்கிறது: ஒன்று முன்னால், ஒன்று தோளுக்குப் பின்னால், ஒன்று ஸ்பீக்கருக்கும் வெளியே. கிதார் நரம்பில் விரல் வழுக்கும் கீச்சொலிகூட விழுகிறது. ‘பேப்பர் மவுண்டன் மேன்’ ப்ளூஸ் சாயலில் வரும் பாட்டு. பேஸ் கிதாரின் கனம் திரும்பி வந்ததால் நிமிர்ந்து நிற்கிறது. இத்தனை மெலிதான இசைக்கு ஒரு ஆபத்தும் உண்டு. ராக் தட்டில் டிரம்ஸ் சத்தத்துக்குள் மறைந்துவிடும் சிறு ‘டிக்’ ஒலி, இங்கே ஒற்றைக் குரலுக்கு நடுவே பளிச்சென்று கேட்கும். புதுத் தட்டானாலும் முதல் முறை போடுமுன் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷால் துடைத்துவிடுவது நல்லது.

உண்மையான சோதனை முதல் பக்கத்தின் கடைசியில் காத்திருக்கிறது. ஆல்பத்திலேயே மிகச் சிக்கலான பாடல் தலைப்புப் பாடல்தான். வடிவியல் உருவங்களின் பெயர்களைப் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் பாடும். நடுவில் பாட்டு முழுதாகக் கரைந்து, மணியொலியும் மின்னணு ஒலியும் இடமும் வலமும் மிதக்கும். பிறகு குரல்கள் மெல்லத் திரும்பும். இந்த நாலரை நிமிடம் தட்டில் லேபிளுக்கு மிக அருகில் இருக்கிறது. 33⅓ வேகத்தில் சுழலும் எல்பியின் வெளி விளிம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியைக் கடக்கிறது. லேபிள் பக்கம் வரும்போது அதில் பாதிகூட இல்லை. உச்ச ஒலிகளின் அலைகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. உருண்டை முனை ஊசி அந்த நெளிவுகளுக்குள் முழுதாக இறங்காது, ‘ச’ ஒலிகள் சீறும், மணி ஒலி கரகரக்கும். நீள்வட்ட முனை ஊசியும், சரியாகக் கோணம் பார்த்துப் பொருத்திய காட்ரிட்ஜும் இருந்தால் இதே இடம் சுத்தமாகத் திறக்கிறது. அசலில் அடைபட்டுக் கிடந்த அந்த நடுப்பகுதியைக் கேட்பதற்காகவே தட்டை வாங்கலாம். சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயரில் மட்டும் இதைப் போட வேண்டாம். அவற்றின் செராமிக் காட்ரிட்ஜ் 5 கிராம் வரை அழுத்தும். நல்ல மேக்னட் காட்ரிட்ஜுக்கு சுமார் 2 கிராமே போதும்.

இரண்டாம் பக்கம் அவ்வளவு படுத்துவதில்லை. ‘மேட் லிங்கன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசையான ‘ஹே, ஹூ ரியலி கேர்ஸ்’ வெளி விளிம்பிலேயே இருப்பதால் சாதாரண ஊசியிலும் நன்றாக ஒலிக்கும். ‘மூன்ஸ் அண்ட் கேட்டெயில்ஸ்’ பாட்டுக்கு இரவு நேரம், குறைந்த ஒலியளவு போதும்.

வாங்குபவர் தட்டின் எடையைப் பார்த்து மயங்க வேண்டாம். 180 கிராம் தட்டு கையில் கனமாக இருக்கும், எளிதில் வளையாது. ஒலியைத் தீர்மானிப்பது எந்த நாடாவிலிருந்து வெட்டினார்கள் என்பதே. அட்டையின் பின்பக்கத்தில் மூல ஒலிநாடா பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் ‘சிமகம் ரெய்ன்’ பாடலின் நீண்ட குரல்களைக் கவனிக்க வேண்டும். தட்டின் நடுத்துளை சற்று விலகியிருந்தால் நீட்டிப் பாடும் சுரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும். அப்படி ஆடினால் அது பாடகியின் கமகமல்ல, அச்சுப் பிழை. ரசீதோடு கடைக்குப் போய் வேறு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.